எண்பத்தேழாம் தொகுதி, இப்போது இல்லை

ஏப்ரல் 4

பெருமதிப்பிற்குரிய டீச்சருக்கு,

இங்கே நானும் வீடும் நலம். வீடு என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் நலம், அதற்கு முழங்கால் இல்லை. நீயும் மகளும் அந்த நான்காவது மாடியில் சௌகரியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் பேசினால் மைக் முன்னால் நிற்பதுபோல் பேசுகிறேன், இனிமேல் கடிதம்தான் என்று நீ சட்டம் போட்டுப் பதினாலு மாதம் ஆகிறது. இதுவரை கேஸ் அடுப்பையும் தண்ணீர்க் குழாயையும் பற்றியே எழுதி வந்தேன். இப்போதுதான் எழுதுவதற்கு லாயக்கான ஒரு சேதி கிடைத்திருக்கிறது.

நகர நூலகத்தில் புதிதாக வந்திருக்கும் நூலகர் அம்மா போன வாரம் வீடு தேடி வந்தார். "சார், இங்க முன்னாடி எண்பத்தேழுன்னு ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்துச்சாமே? அதப் பத்தி ஒரு பன்னெண்டு பக்கம் எழுதித் தர முடியுமா? உள்ளூர் வரலாற்று அலமாரில வைக்கணும்" என்றார்.

'இருந்துச்சாமே' என்ற சொல்லைக் கவனித்தாயா? முப்பத்தைந்து வருடம் இருந்த தொகுதி! ஐந்து உறுப்பினர்களைப் பெற்ற தொகுதி! அதில் கடைசி உறுப்பினன் இதோ எதிரே உட்கார்ந்து அந்த அம்மாவுக்கு டீ ஆற்றிக்கொண்டிருக்கிறேன், 'இருந்துச்சாமே'! ஆனாலும் கோபப்படவில்லை. எல்லை வரையும் ஆணையம் ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்து நம் தொகுதியை மூன்று துண்டாக்கி அக்கம்பக்கத்துக்குப் பங்கு வைத்தபோது அந்த அம்மா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்திருப்பார்.

உடனே எழுத ஆரம்பித்துவிட்டேன். நாற்பத்தொரு பக்கம் ஆகிவிட்டது. முதல் உறுப்பினர் இன்னும் பிறக்கவில்லை. அதனால் என் வெற்றியைப் பற்றிய அத்தியாயத்தை முதலில் முடித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நீ கணக்கு டீச்சர், எண்களை மட்டும் சரி பார். நடையில் கை வைக்க வேண்டாம்.

எப்போது வருகிறாய் என்று நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
எண்பத்தேழாம் தொகுதியின் கடைசி உறுப்பினர்

ஏப்ரல் 12

அன்புள்ள உங்களுக்கு,

கடிதமும் அத்தியாயமும் கிடைத்தன. முழங்காலுக்குச் சிவப்புக் குப்பியில் உள்ள தைலம். நீலக் குப்பியில் இருப்பது மேஜைக்குப் போடும் பாலிஷ். போன முறை நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

எண்களைச் சரி பார்த்தேன். இருவருக்கும் இருபத்தோராயிரத்து நானூற்றாறு ஓட்டு என்பது சரி. சமமாக வந்ததால் சீட்டுக் குலுக்கிப் போட்டு உங்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் சரி. மற்றவை சரியில்லை.

சீட்டுகளை 'வெள்ளிக் கிண்ணத்தில்' போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது தேர்தல் அதிகாரியின் சாப்பாட்டு டப்பா. கழுவித் துடைத்துக் கொடுத்ததே நான்தான். 'அரங்கில் மக்கள் கடல் ஆர்ப்பரித்தது' என்கிறீர்கள். அரங்கில் இருபத்து மூன்று பேர் இருந்தோம். அதில் ஒன்பது பேர் நாற்காலிகளை வண்டியில் ஏற்ற வந்தவர்கள், எப்போது எழுந்திருப்போம் என்று நின்றுகொண்டிருந்தார்கள். தோற்ற பல் டாக்டர் 'தலை கவிழ்ந்து வெளியேறினார்' என்பதும் தவறு. அவர் உங்களிடம் வந்து, "கடைவாய்ப் பல்லு வீங்கியிருக்கு, நாளைக்கு வந்து காட்டுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நீங்கள்தான் எதிரியிடம் வாயைத் திறக்க மாட்டேன் என்று வீம்பு பிடித்து இன்றுவரை இடது பக்கமாகவே மென்றுகொண்டிருக்கிறீர்கள்.

உங்களைப் பற்றியே எழுதாமல் மற்றவர்களையும் எழுதுங்கள். முதல் உறுப்பினர் போட்டோ ஸ்டூடியோக்காரரைப் பற்றி நீங்கள் மேடையில் சொல்வீர்களே, அதை எழுதினாலே அலமாரியில் இடம் கிடைத்துவிடும்.

எப்போது வருகிறாய் என்று கேட்காததற்கு நன்றி. நான் கிளம்பிய காரணம் உங்களுக்குத் தெரியும். தொகுதியைக் கலைத்த பிறகு உங்களுக்கு மிச்சமிருந்த தொகுதி நான் ஒருத்திதான். காலை எட்டு மணிக்குச் சமையலறைக்கு ஆய்வு வந்தீர்கள். சாப்பாட்டு மேஜையில் "பெண்கள் தரப்பில் ஏதாவது கோரிக்கை உண்டா?" என்று கேட்டீர்கள். நான் ஒரு கோரிக்கை வைத்தேன், கொஞ்ச நேரம் சும்மா இருங்கள் என்று. "பரிசீலிக்கப்படும்" என்றீர்கள்.

மகள் நலம். ஆஸ்பத்திரியில் வாரம் ஒரு ஷிப்டு மாற்றுகிறார்கள். இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடி ஒரு மாதம் ஆகிறது.

டீச்சர்

ஏப்ரல் 20

அன்புள்ள டீச்சருக்கு,

என் நாற்பத்தொரு பக்கத்தைவிட உன் சிவப்பு மை அதிகம். போகட்டும். சாப்பாட்டு டப்பா என்று மாற்றிவிட்டேன். ஆனால் 'பளபளப்பான' என்று ஒரு சொல் சேர்த்திருக்கிறேன், அதை விட்டுவிடு.

நீ சொன்னபடி மற்றவர்களையும் எழுதிவிட்டேன். ஸ்டூடியோக்காரர் பத்து வருடம் உறுப்பினராக இருந்து அவையில் ஒரே ஒரு முறை வாய் திறந்தார்: "அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்த முடியுமா?" அவைக் குறிப்பில் அடைப்புக்குறிக்குள் 'சாத்தப்பட்டது' என்று இருக்கிறது. நம் தொகுதி கேட்டு உடனே நிறைவேறிய கோரிக்கை அது ஒன்றுதான். அடுத்து பஞ்சாலைச் சங்கத் தலைவி, பத்து வருடம். அவர் பேசினால் அமைச்சர்கள் தண்ணீர் குடிக்க வெளியே போவார்கள். ரயில்வே கேட்டுக்கு மேலே பாலம் வந்தது அவரால். அப்புறம் வக்கீல், ஐந்து வருடம். ஓட்டுக் கேட்க ஒரு முறை வந்தார், வந்த வழியை மறந்துவிட்டதாகச் சொல்வார்கள். அப்புறம் பல் டாக்டர், ஐந்து வருடம். அவரைப் பற்றி நியாயமாக நான்கு வரி எழுதியிருக்கிறேன். முதலில் இரண்டு வரிதான் இருந்தது.

தொகுதி கலைந்த கதையையும் எழுதினேன். உனக்குத் தெரியாததா? ஆட்சேபம் சொல்ல வரலாம் என்று ஆணையம் கூப்பிட்டதும் இருநூற்றுப் பதினான்கு மனுக்களோடு போனேன். என் முறை வந்தபோது அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து, "மூணு நிமிஷம்" என்றார். நான் "பெரியோர்களே, தாய்மார்களே" என்று ஆரம்பித்து அவர்களை மதிப்போடு விளித்து முடிக்கவே மூன்று நிமிடம் ஆகிவிட்டது. "அடுத்தவங்க வாங்க" என்றார். இப்படித்தான் நம் தெருவின் இந்தப் பக்கம் எண்பத்தாறுக்கும் எதிர்ப்பக்கம் எண்பத்தெட்டுக்கும் போனது. எதிர்வீட்டுத் தையல்காரருக்கும் எனக்கும் நடுவே இப்போது ஒரு எல்லை ஓடுகிறது. அதைத் தாண்டித்தான் அவர் தினமும் நம் வீட்டுப் பேப்பரை எடுத்துப் போகிறார்.

இத்துடன் ஐந்தாம் அத்தியாயம். தலைப்பு 'துரோகம்'. ஒரு ஓட்டு, ஒரே ஒரு ஓட்டு கூட வந்திருந்தால் நான் டப்பாவிலிருந்து பிறந்த உறுப்பினன் என்ற பேச்சைக் கேட்டிருக்க மாட்டேன். அந்த ஓட்டைப் போடாதவன் யார் என்று அன்றைக்கே கண்டுபிடித்தேன். என் ஜீப்பை ஓட்டிய டிரைவர். சாயங்காலம், "நமக்குத்தானே போட்டே?" என்று கேட்டதற்குத் தலையைச் சொறிந்தான். மறுநாளே வேலையை விட்டு நிறுத்தினேன். இப்போது அதை அச்சில் ஏற்றப் போகிறேன். வரலாறு யாருக்கும் தாட்சண்யம் பார்க்காது. ஜூன் கடைசியில் நூலகர் அம்மாவிடம் கொடுக்க வேண்டும், எழுத்துப் பிழை மட்டும் பார்த்து அனுப்பு.

இப்படிக்கு,
கடைசி உறுப்பினர்

மே 1

அன்புள்ள உங்களுக்கு,

எழுத்துப் பிழை ஆறு. திருத்தியிருக்கிறேன். ஏழாவது பிழையைத் திருத்தச் சிவப்பு மை போதாது, அதனால் தனியாக எழுதுகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

அந்த ஓட்டு டிரைவருடையது இல்லை. என்னுடையது. நான் பல் டாக்டருக்குப் போட்டேன்.

தேர்தல் அன்று காலை பத்து மணி. பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே வரிசை தெருமுனை வரை நின்றது. நான் நடுவில் நின்றேன். நீங்கள் ஜீப்பிலிருந்து இறங்கி ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கிக்கொண்டே வந்தீர்கள். என் கையையும் பிடித்தீர்கள். என் முகத்தைப் பார்த்து, "மறந்துடாதீங்கம்மா, உங்க வீட்டுப் பிள்ளையா நெனச்சுப் போடுங்க" என்று சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் நின்றவர் கையைப் பிடித்தீர்கள். உங்கள் பின்னாலேயே வந்த டிரைவர் மட்டும் நின்று, "அம்மா, சார் மூணு நாளா தூங்கலம்மா, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

மனதில் வைத்துக்கொள்ளக்கூடாது என்றுதான் உள்ளே போனேன். சீட்டைக் கையில் வாங்கியதும், இவர் ஜெயித்தால் இன்னும் ஐந்து வருடம் நான் இந்த வரிசையிலேயே நிற்க வேண்டும் என்று தோன்றியது. பல் டாக்டர் பெயருக்கு நேரே குத்திவிட்டு வந்து உங்களுக்குச் சாப்பாடு எடுத்து வைத்தேன்.

டிரைவரை நீங்கள் நிறுத்தியபோதே சொல்லியிருக்க வேண்டும். பயந்தேன். உங்களுக்கு இல்லை, வீட்டில் நிரம்பிக் கிடந்த உங்கள் ஆட்களுக்கு. அப்புறம் சொல்லலாம் என்று ஒன்பது வருடத்தைத் தள்ளிவிட்டேன். உங்கள் தப்பைவிட என் தப்பு பெரியது. ஒரு மனுஷனுடைய பெயரை அலமாரியில் வைத்துக் கெடுப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஐந்தாம் அத்தியாயத்தில் யார் பெயராவது வேண்டும் என்றால் என்னைப் போட்டுக்கொள்ளுங்கள்.

டீச்சர்

மே 24

அன்புள்ள உங்களுக்கு,

இருபத்து மூன்று நாளாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நீங்கள் இத்தனை நாள் பேசாமல் இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. தையல்காரருக்குப் போன் செய்தேன். "சார் நல்லாத்தான் இருக்காரு, பேப்பர்தான் தர மாட்டேங்குறாரு" என்றார். அதனால் உயிரோடு இருக்கிறீர்கள் என்று தெரியும்.

கோபம் என்றால் கோபம் என்றாவது எழுதுங்கள்.

இங்கே சொல்லும்படி ஒன்றுமில்லை. லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. ஆறாவது மாடியில் இருக்கும் கர்ப்பிணிப் பெண்ணுக்காக மாடிப்படி திருப்பங்களில் நாற்காலி போடச் சொன்னேன். கட்டடச் சங்கச் செயலாளர், "நாற்காலிக்குத் தீர்மானம் போடணும்மா" என்றார். எனக்கு யாருடைய ஞாபகமோ வந்தது. எங்கள் வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நானே போட்டேன். மறுநாள் மூன்று வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

தைலம் தீர்ந்திருக்கும். அனுப்பட்டுமா?

டீச்சர்

ஜூன் 6

அன்புள்ள டீச்சருக்கு,

கோபம்தான். முதல் நான்கு நாள் உன்மேல். 'ஒரு மனைவியின் மறுமுகம்' என்று ஒரு அத்தியாயம்கூட ஆரம்பித்தேன். இரண்டாவது பத்தியில் அந்தப் பள்ளிக்கூட வாசலைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக ஞாபகம் வந்தார்கள், பேக்கரிக்காரர், தபால்காரரின் மாமியார், குடை வைத்திருந்த ஒரு கிழவர். உன்னை எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டேன். அதற்கப்புறம் கோபம் வேறு ஆள்மேல் திரும்பிவிட்டது. அந்த ஆளுக்குக் கடிதம் எழுத முடியாது, நேரில் பார்த்தாலும் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும்.

டிரைவரைத் தேடிப் போனேன். இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறார். வேன் நிற்கும் கொட்டகையில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு பேச்சுத் தயார் செய்திருந்தேன், மூன்று பக்கம். அவரைப் பார்த்ததும், "தப்பு என்மேலதாம்பா" என்று மட்டும் வந்தது.

அவர் பம்ப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "எதுக்கு சார்?"

"நீ எனக்குத்தான் ஓட்டுப் போட்டிருக்கே. நான்தான் சந்தேகப்பட்டுட்டேன்."

"இல்ல சார். நான் உங்களுக்குப் போடல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பின்ன யாருக்கு?"

"யாருக்கும் போடல. அன்னிக்குக் காலைலேருந்து உங்க ஆளுங்களைத்தானே பூத்துக்குக் கொண்டுபோய் விட்டுட்டிருந்தேன்? கடைசி டிரிப்பு அந்த நடக்க முடியாத பாட்டியைத் தூக்கிட்டுப் போய் இறக்கினேன். திரும்பி என் பூத்துக்கு வர்றதுக்குள்ள கதவைச் சாத்திட்டாங்க. நீங்க கேட்டப்போ அதை எப்படிச் சொல்றதுன்னுதான் தலையைச் சொறிஞ்சேன்."

ஒன்பது வருடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா என்றேன். "நீங்க எங்க சார் சொல்ல விட்டீங்க? நீங்கதான் பேசிட்டிருந்தீங்க" என்றார். பிறகு வேனிலேயே என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். குழந்தைகள் உட்காரும் இருக்கை, முழங்கால் மோவாயில் இடித்தது. வாயைத் திறக்காமல் வந்தேன்.

மோவாய் இடித்ததில் கடைவாய்ப் பல் கிளம்பிவிட்டது. மறுநாள் கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது. வேறு வழியில்லை, பல் டாக்டரிடமே போனேன். வரவேற்பு மேஜையில் அவர் வீட்டம்மா. என்னைப் பார்த்ததும், "வாங்க, ஒம்பது வருஷம் முன்னாடியே உங்களுக்கு டோக்கன் போட்டு வெச்சிருக்கோம்" என்றார்.

டாக்டர் என்னைச் சாய்த்துப் போட்டு வாயில் கண்ணாடியை விட்டார். ஊசி போட்டு மரத்துப்போகக் காத்திருந்த நேரத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. "டாக்டர், என் வீட்டம்மா அன்னிக்கு உங்களுக்குத்தான் போட்டாளாம்" என்று குழறிச் சொல்லிவிட்டேன்.

அவர் கையிலிருந்த குறடு அப்படியே நின்றது. அதற்குள் கதவோரத்திலிருந்து அவர் வீட்டம்மாவின் குரல் வந்தது: "அப்போ சரியாப் போச்சு. நான் உங்களுக்குத்தான் போட்டேன்."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா சொல்றே?"

"ஆமா. அஞ்சு வருஷம் நீங்க உறுப்பினரா இருந்தப்போ ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்த நாளு எத்தனை? நாலு. நான் எண்ணி வெச்சிருந்தேன். இன்னொரு அஞ்சு வருஷம் என்னால ஆகாதுன்னுதான் இவருக்குக் குத்தினேன்."

பிறகு டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். முதலில் அவருக்குத்தான் சிரிப்பு வந்தது. எனக்கு வாய் மரத்துப் போனதால் பாதிதான் சிரிக்க முடிந்தது. "வாயைத் தொறங்க சார்" என்று சொல்லிப் பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார்.

இப்போது இரண்டு பக்கமும் மெல்கிறேன்.

இப்படிக்கு,
உன்னை வாசலில் அடையாளம் தெரியாதவன்

ஜூன் 15

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை மகளிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். 'டோக்கன்' வந்ததும் அவள் சோபாவிலிருந்து கீழே சரிந்துவிட்டாள். எழுந்து, "அப்பா இவ்ளோ நல்லா எழுதுவாராம்மா?" என்று கேட்டாள். மேடையே இல்லாத இடத்தில் எழுதினால் நன்றாகத்தான் எழுதுவார் என்றேன்.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். என் ஓட்டும் டாக்டர் வீட்டம்மா ஓட்டும் ஒன்றுக்கொன்று கழிந்துவிடுகின்றன. நாங்கள் இருவரும் வீட்டுக்காரர்களுக்கே போட்டிருந்தாலும் சமமாகத்தான் வந்திருக்கும். உங்களுக்குக் குறைந்தது டிரைவரின் ஓட்டு, அதைக் குறைத்தது உங்கள் ஜீப். ஆக, தொகுதியில் துரோகி என்று யாரும் இல்லை. நேரம் பார்க்காமல் வேலை வாங்கிய ஒருவர் இருந்தார், அவ்வளவுதான்.

டிரைவரைத் தேடிப் போனதற்காக உங்களை மெச்சுகிறேன். இதைச் சிவப்பு மையில் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இங்கே ஒரு கூத்து. மாடிப்படி நாற்காலி விஷயம் பெரிதாகிவிட்டது. வருகிற ஜனவரியில் கட்டடச் சங்கத்துக்குத் தேர்தல். நான் செயலாளருக்கு நிற்க வேண்டும் என்று ஏழு வீட்டுக்காரர்கள் வந்து கேட்டார்கள். மொத்தம் நாற்பத்தெட்டு வீடு, இங்கே வீட்டுக்கு ஒரு ஓட்டு இல்லை, வயது வந்த குடியிருப்பவர் எல்லோருக்கும் ஓட்டு. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மகள், "நில்லும்மா, நில்லு" என்று நச்சரிக்கிறாள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

இதைக் கேட்க ஆள் இல்லாமல் உங்களைக் கேட்கவில்லை. உங்களைத்தான் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

டீச்சர்

ஜூலை 2

என் டீச்சருக்கு,

வரலாற்றைக் கொடுத்துவிட்டேன். சரியாகப் பன்னிரண்டு பக்கம். வெட்டித் தள்ளிய முந்நூற்றுச் சொச்சம் பக்கத்தைத் தையல்காரர் துணி வெட்டும் அளவுக் காகிதத்துக்காக எடுத்துப் போனார். ஐந்தாம் அத்தியாயம் இல்லை. கடைசித் தேர்தல் இரண்டே வரி: 'இருவரும் சமமான வாக்குகள் பெற்றனர். நாள் முழுவதும் மற்றவர்களை வாக்களிக்க அழைத்துச் சென்ற ஜீப் ஓட்டுநரால் தம் வாக்கைச் செலுத்த முடியவில்லை.' பல் டாக்டருக்கு ஒன்றரைப் பக்கம். நூலகர் அம்மா படித்துவிட்டு, "உங்களப் பத்திக் கொஞ்சம்தானே சார் இருக்கு?" என்று கேட்டார். அளவோடுதான் இருக்கிறது என்றேன். சொல்லும்போது கொஞ்சம் வலித்தது. பல் பிடுங்கிய இடமாகவும் இருக்கலாம்.

நீ கேட்டதற்குப் பதில்: நில். எப்படி ஓட்டுக் கேட்பது என்று உனக்குச் சொல்லித்தர ஆயிரம் விஷயம் வைத்திருந்தேன். பேனாவை எடுத்துப் பட்டியல் போட்டேன், பதினேழு வரை வந்தது. படித்துப் பார்த்தால் எல்லாம் நான் தோற்ற தேர்தல்களில் செய்தவை. கிழித்துவிட்டேன். ஒன்றே ஒன்று சொல்கிறேன், யார் கையைப் பிடித்தாலும் முகத்தைப் பார்.

இன்னொன்று. எப்போது வருகிறாய் என்று இத்தனை நாளும் கேட்காமல் இருந்தேன். இனியும் கேட்கப் போவதில்லை, உனக்கு அங்கே வேலை இருக்கிறது. வேறொன்றைக் கேட்கிறேன். நான் வரட்டுமா? ஆய்வுக்கு இல்லை. சும்மா இருக்க வருகிறேன். நாற்காலி தூக்குவதற்கு ஆள் வேண்டியிருக்கலாம்.

இந்த வீட்டைத் தையல்காரர் பார்த்துக்கொள்வார். பேப்பரும் அவருக்கே.

பதிலை எதிர்பார்த்து,
உன் வீட்டுக்காரன்

ஜூலை 8

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் இன்று காலை வந்தது. மத்தியானத்துக்குள் பதில் எழுதிவிட்டேன், தபால் எடுப்பதற்குள் போட வேண்டும்.

வாருங்கள். சனிக்கிழமை பஸ் வேண்டாம், கூட்டமாக இருக்கும். வியாழக்கிழமை வந்தால் மகளுக்கு ஓய்வு நாள், நிலையத்துக்கு வருவாள். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை, நான்கு மாடியும் ஏற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து வரலாம். வழியில் பார்க்கிறவர்களிடம் பேச்சுக் கொடுங்கள், ஆனால் பேச்சு நிகழ்த்தாதீர்கள்.

நீங்கள் 'நில்' என்றதைப் படித்ததும் வேட்புமனு கொடுத்துவிட்டேன். அதனால் சங்கத்தின் விதிப் புத்தகத்தை முழுதாகப் படிக்க வேண்டியதாயிற்று. அதில் ஒன்பதாம் விதி உங்களைப் பற்றியது. இந்தக் கட்டடத்தில் ஓட்டுரிமை வேண்டுமானால் தேர்தலுக்கு முன் ஆறு மாதம் தொடர்ந்து இங்கேயே குடியிருக்க வேண்டும். நடுவில் ஊருக்குப் போய்விட்டு வந்தால் முதலிலிருந்து எண்ணுவார்களாம். தேர்தல் ஜனவரி இருபத்தைந்து. நீங்கள் வரும் வியாழன் ஜூலை பதினெட்டு. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

யாருக்குப் போட்டீர்கள் என்று நான் கேட்க மாட்டேன்.

உங்கள்
டீச்சர்